மூச்சுக்கு இடம்விட்டுக் கட்டுதல்

கர்ணனுக்கு மட்டும் இந்த அத்தியாயம் தேவைப்பட்டிருக்காது. அவன் கவசத்தோடு பிறந்தவன். நாடா இல்லை, முடிச்சு இல்லை. உடம்பு வளர வளரக் கவசமும் வளர்ந்தது. அவனாக வேடம் கட்டுகிற எங்கள் ஊர்ப் பொடியனுக்கோ யாராவது ஒருவர் முதுகுப்பக்கம் நின்று கட்டிவிட்டால்தான் கவசம். அப்படிக் கட்டிவிடுகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஆடுகிறவர் தன் பாட்டையும் ஆட்டத்தையும் மாதக்கணக்காகப் பழகுகிறார். கட்டுகிறவர் பெரும்பாலும் அரங்கேற்றத்தன்று மாலையில்தான் உடுப்பைக் கையில் எடுக்கிறார். அந்த அரைமணி நேரக் கைவேலையை விடியும்வரை சுமக்கப்போவது இன்னொருவருடைய உடம்பு.

நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் உடுப்புக் கட்டப் பழகியவன். வாவிக்கு மேற்கே கன்னன்குடா, முனைக்காடு, மகிழடித்தீவு போன்ற ஊர்களில் கூத்து இன்றைக்கும் ஊரே சேர்ந்து செய்கிற காரியம். வெள்ளாமை வெட்டி முடிந்து கை ஓய்ந்த காலத்தில் மத்தளச் சத்தம் கேட்கத் தொடங்கும். சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, கடைசியில் அரங்கேற்றம். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். நான்கு பக்கமும் கண்கள். முதுகுப்பக்கம் ஊசி குத்திச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

முதலாவது வருடம் நான் ஒரு துரியோதனனைக் கட்டினேன். மார்புப் பதக்கம் ஆடக்கூடாது என்பதுதான் என் கவலை முழுவதும். காலை முதுகில் ஊன்றாத குறையாக இழுத்து முடிந்தேன். பதக்கம் ஆடவேயில்லை. ஆனால் வரவுப் பாட்டில் குரல் மேலே போகவேண்டிய இடத்தில் அவரால் போக முடியவில்லை. பக்கப்பாட்டுக்காரர் அந்த அடியைத் தாங்கிப் பாடிக் கரை சேர்த்தார்கள். ஆடி முடித்து வெளியே வந்ததும் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் அவரைத் திருப்பி நிறுத்தி, என் முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தார். “மனே, கூத்துக்காரனுக்கு நெஞ்சு கவசம் மாட்டுற ஆணியில்ல. அது துருத்தி. துருத்திய வரிஞ்சு கட்டினா நெருப்பு எப்பிடி எரியும்?” என்றார். ஏசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் கட்டிய ஒவ்வொரு உடுப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது.

படப்பிடிப்புக்குக் கட்டும் கவசம் அந்தக் காட்சி எடுத்து முடியும்வரை நின்றால் போதும். ஊர்வலத்துக்குக் கட்டுவது நடையைத் தாங்கினால் போதும். கூத்துக்காரர் பாடுகிறார், பாடிக்கொண்டே வீசாணம் போடுகிறார், எட்டுப் போடுகிறார், குத்துமிதியில் நிலத்தை அதிர வைக்கிறார், வில்லை எடுத்துச் சுழல்கிறார். ஆகவே எங்கள் கட்டுக்கு இரண்டு பக்கமும் சோதனை உண்டு. தளர்ந்தால் கவசம் ஆட்டத்துக்கு எதிராகத் துள்ளும். இறுகினால் பாட்டு நிற்கும்.

எதைக் கட்டுகிறோம்

எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் அரசருக்கும் வீரருக்கும் உடுப்புப் பாரம். கரப்புடுப்பு என்று நாங்கள் சொல்வது, வாவியின் ஆழமில்லாத இடத்தில் மீனை மூடிப் பிடிக்கிற கரப்பைப் போல மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருக்கும். உள்ளே வளையங்கள், வெளியே துணியும் சரிகையும். அதற்குமேல் மார்புப் பதக்கம், தோளில் புஜகீர்த்தி, கையிலும் காலிலும் கட்டுகள், தலையில் முடி. தென்மோடியில் உடுப்பு இலேசு, பூமுடியும் இலேசு. தென்மோடி உடுப்புக் கட்டிப் பழகியவர் வடமோடிக்கு வந்தால் முதலில் திணறுவது பாரத்தைக் கண்டுதான்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று கூத்துகளைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடியது ஓரிரு மணி நேரத்துக்குள் வந்தபோது உடலின் வேகம் கூடியது. வேகம் கூடினால் உடுப்பின் பாரம் குறையத்தான் வேண்டும். பின்னர் பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பில் ‘இராவணேசனை’ மீண்டும் மேடையேற்றினார். இன்று பாடசாலைப் பிள்ளைகள் தமிழ்த் தினப் போட்டிக்கு ஆடும் கூத்து இன்னும் குறுகியது. கவசமும் மரத்திலிருந்து மட்டைக்கும், றெஜிபோமுக்கும், பாய்போல் சுருளும் தடித்த போம் தாளுக்கும் மாறிவிட்டது. ஆனால் இலேசானது என்பதால் கட்டு எளிதாகிவிடவில்லை. பாரமான கவசம் தன் எடையாலேயே ஓரளவு அமர்ந்திருக்கும். இலேசான கவசம் ஒவ்வொரு துள்ளலுக்கும் எழும்பும், காற்றுக்கும் எழும்பும். அதை மேலிருந்து தொங்கவிட்டால் மட்டும் போதாது, கீழேயும் பிடிக்கவேண்டும்.

பாரம் இடுப்பில்

முதலில் எல்லாவற்றையும் நிறுங்கள். மீன் நிறுக்கிற கொழுக்கித் தராசு போதும். பதக்கம் எவ்வளவு, புஜகீர்த்தி சோடி எவ்வளவு, கரப்பு எவ்வளவு, முடி எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பாரமும் உடம்பில் எந்த எலும்பில் போய் உட்காருகிறது என்று கேளுங்கள். சதையில் உட்காரும் பாரம் ஒரு மணி நேரத்தில் வலிக்கும். கழுத்தில் உட்காரும் பாரம் அதற்கு முன்னமே வலிக்கும். இடுப்பெலும்பில் உட்காரும் பாரத்தை மனிதர் விடியும்வரை சுமப்பார். குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிற பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உலகில் கவசம் கட்டியவர்கள் எல்லாரும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். யப்பானியச் சாமுராய் மார்புக் கவசத்தைப் போட்டபின் இடுப்பைச் சுற்றி ஒரு கயிற்றை இறுக்குவார். தோளில் தொங்கும் பாரத்தில் பெரும்பங்கை அது இடுப்புக்கு இறக்கிவிடும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு வீரர்கள் இரும்புக்குள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஓர் உட்சட்டை போட்டார்கள். கால் கவசத்தை அந்தச் சட்டையில் தைத்த நாடாக்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்த உட்சட்டையைத்தான்: கவசத்தை உடம்பில் கட்டாதீர்கள். உடம்பில் ஓர் உடுப்பைப் போட்டு, அந்த உடுப்பில் கட்டுங்கள்.

தடித்த பருத்தித் துணியில், கையில்லாத ஒரு சட்டை தையுங்கள். தோளிலும் இடுப்பிலும் துணியை இரட்டையாக மடித்துத் தைக்கவேண்டும். எங்கெங்கே கவசம் வரும் என்று ஆளைப் போடவைத்துச் சோக்கால் குறித்து, அந்த இடங்களில் அரை அங்குலப் பருத்தி நாடாவைச் சோடி சோடியாகத் தைத்துவிடுங்கள். நாடாவின் நடுவைச் சட்டையில் பதித்து, குறுக்கும் மறுக்குமாகப் பெட்டிபோல் தைத்தால் பிய்யாது. வியர்வையைக் குடிப்பதும், கவச விளிம்பு தோலை அராவாமல் காப்பதும் இந்தச் சட்டைதான். வாடகை உடுப்பு எடுக்கிறவர்களும் உட்சட்டையை மட்டும் ஆளுக்கொன்று சொந்தமாகத் தைத்து வைத்திருப்பது நல்லது. உடுப்பு எத்தனை பேருடைய வியர்வையைக் கண்டதோ.

இனி கச்சு. நான்கு அங்குல அகலத்துக்கு மடித்த பருத்தித் துணி, இடுப்பை மூன்று தடவை சுற்றி முடியப் போதுமான நீளம். பழைய சாரனைக் கிழித்து, மூட்டித் தைத்து மடித்தாலே போதும். இடுப்பின் இரு பக்கமும் விரலால் அழுத்தினால் எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். கச்சின் கீழ்ப்பாதி அந்த விளிம்பில் படியவேண்டும். அதற்கு மேலே, வயிற்றில் கட்டினால் மூச்சும் முட்டும், சாப்பிட்டதும் முட்டும். நடுவை முதுகில் வைத்து முன்னே கொண்டுவந்து, மாற்றிப் பின்னே எடுத்து, மறுபடி முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் முடியுங்கள். நேர் நடுவில் முடிச்சு வந்தால் குனியும்போது குத்தும். கட்டி முடித்ததும் ஆளைப் பத்துத் தடவை துள்ளச் சொல்லுங்கள். கச்சு இறங்கினால் அவிழ்த்துக் கட்டுங்கள். இந்த ஒரு கட்டில் பொறுமையைச் செலவழித்தால் மற்றவை சுலபம்.

கரப்பு இந்தக் கச்சிலிருந்துதான் தொங்கவேண்டும். மேல் வளையத்தில் குறைந்தது ஆறு இடத்தில் நாடா போட்டுக் கச்சோடு இணையுங்கள். நான்கு போதாது, சுழலும்போது ஒருபக்கம் சாயும். தோளுக்கு மேலால் இரண்டு வார்களை முதுகில் குறுக்கே போட்டுக் கட்டுவது நல்லது. ஆனால் அந்த வார்கள் பாரத்தைத் தூக்குவதற்கல்ல. கரப்பு சரியாமல் பிடிப்பதற்கு மட்டும். வாருக்கு அடியில் விரல் நுழையவேண்டும். அடி வளையம் எங்கே முடிகிறது என்பதைக் கால் சொல்லும். முழங்காலை ஆட்டத்துக்கு உயர்த்தும் அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். வளையத்தில் முழங்கால் தட்டினால் வளையம் சிறிது, அல்லது கட்டு தாழ்வு. தட்டுகிறதைச் சமாளிக்க ஆடுகிறவர் அடியைச் சுருக்குவார். ஆட்டம் கெடுவது அங்கே தொடங்குகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. பிள்ளைக்குக் கால் வரவில்லை என்றுதான் சொல்வார்கள்.

பதக்கம்

மார்புக் கவசத்துக்கு அளவு எடுக்கும்போது ஆள் சும்மா நிற்கக்கூடாது. தன் வரவுப் பாட்டில் மிக உயர்ந்த அடியை முழுக்குரலில் பாடட்டும். மூச்சை நிரப்பி, பாடத் தொடங்கும் அந்த நொடியில் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடியுங்கள். சும்மா நின்ற அளவுக்கும் இதற்கும் இரண்டு அங்குலம்வரை வித்தியாசம் வரும். பெரிய அளவுதான் கட்டின் அளவு. கட்டும்போதும் அப்படியே. அண்ணாவியார் எனக்குச் சொன்னதை நான் ஆடுகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன்: “மனே, மூச்ச நிரப்பிப் பிடி. நான் முடிஞ்ச பிறகு விடு.”

மூச்சு வெளியேறும்போது அந்த இரண்டு அங்குலம் தளருமே, பதக்கம் ஆடாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் பக்கவாட்டு வாரில் நான்கு அங்குல நீளத்துக்கு எலாஸ்டிக் வைக்கிறோம். ஒன்றரை அங்குல அகலமானது நல்லது. மெல்லிய எலாஸ்டிக் கயிறாகத் திரண்டு தோலுக்குள் பதியும். வார் முழுவதையும் எலாஸ்டிக்கில் செய்யக்கூடாது. அப்படிச் செய்தால் கவசம் ஒவ்வொரு மிதிக்கும் மார்பில் திருப்பி அடிக்கும். இழுபடாத வார் பிடிக்கட்டும். எலாஸ்டிக் மூச்சுக்கு மட்டும் இடம் கொடுக்கட்டும்.

மேல்வார்கள் கழுத்தைச் சுற்றக்கூடாது. இரண்டு தோளின் மேலாலும் போய், முதுகில் குறுக்கே மாறி, கச்சுக்கு வரவேண்டும். வார் தோளில் படியவேண்டிய இடம் கழுத்தடியும் அல்ல, தோள் முனையும் அல்ல, இரண்டுக்கும் நடு. குறுக்கே மாறும் புள்ளியில் இரு வார்களையும் நான்கு தையல் போட்டு இணைத்தால் வார் தோளிலிருந்து நழுவாது. பதக்கத்தின் கீழ் விளிம்பை உட்சட்டை நாடாவோடு ஒரு சோடி முடிச்சால் பிடியுங்கள். துள்ளும்போது பதக்கம் எழும்பி நாடியில் இடிப்பது இந்தக் கீழ்முடிச்சை மறப்பதால்தான்.

கூத்தில் இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். ஆண் மார்புக்குச் செய்த தட்டையான பதக்கத்தை அவர்களுக்கு வரிந்து கட்டுவது வலியைக் கொடுக்கும், மூச்சையும் பிடிக்கும். இரண்டு துண்டாக, நடுவில் நாடாவால் கோத்த பதக்கம் செய்யுங்கள். சுற்றுவார் மார்புக்குக் கீழே விலாவில் படியட்டும். கட்டிவிடுவதும் ஒரு பெண்ணாக இருக்கட்டும். எங்கே இறுகுகிறது என்று அப்போதுதான் கூச்சமில்லாமல் சொல்ல முடியும்.

கவசத்தைக் களரியிலேயே கழற்ற வேண்டிய காட்சி சில கூத்துகளில் வரும். கர்ணன் இந்திரனுக்குக் கொடுக்கிற இடம் அப்படி. அதற்கு மேல்வார்களை இரட்டைத் துணியின் இடையில் ஒளித்து, வெல்க்ரோவால் ஒட்டுங்கள். அல்லது பாடசாலைப் பைகளில் வரும் பிளாஸ்டிக் கிளிப்பை வையுங்கள். வெல்க்ரோ கிழிபடும் சத்தம் பெரிது; மத்தளம் விழும் அடியில் இழுக்கப் பழக்கினால் சத்தம் அதற்குள் போய்விடும். களரி மணல் வெல்க்ரோவின் பற்களில் ஏறினால் பிடிக்காது, ஆகவே ஆட்டத்துக்கு முன் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள்.

தோளும் தலையும்

புஜகீர்த்தி பார்க்க அழகு. கட்டுவதற்கு மிகவும் கடினம். அதைக் கையில் கட்டுகிறவர்கள் உண்டு. கையில் கட்டினால் வில் தூக்கும்போது அதுவும் தூக்கி, முடியில் போய் இடிக்கும். தோளிலிருந்து தொங்கவிடுங்கள். உட்சட்டையின் தோள்மடிப்பில் இரண்டு துணி வளையம், புஜகீர்த்தியின் மேல்விளிம்பில் இரண்டு நாடா. கதவுக்குப் பிணைச்சல் போல அது ஆடட்டும். கையைச் சுற்றி ஒரே ஒரு அகலமான எலாஸ்டிக், இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி. அக்குளுக்குள் கயிறு போகவே கூடாது. அங்கே நரம்புகளும் இரத்தக்குழாயும் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. அக்குளில் கயிறு அறுத்துக்கொண்டிருந்தால் கை முதலில் விறைக்கும், பிறகு வாளைப் பிடிக்கும் பிடி தளரும்.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் புஜக்கட்டைகளையும் மார்புப் பதக்கத்தையும் கிரீடத்தையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, நிறம் தீட்டி, கண்ணாடித் துண்டுகள் ஒட்டுவார்கள். நாங்கள் முள்முருக்கு என்று சொல்கிற அதே மரம்; காய்ந்தால் மிகவும் இலேசு. போம் தாளில் நம்பிக்கை இல்லாதவர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம். போம் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல்: பசையை மட்டும் நம்பி வாரை ஒட்டாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த கவசத்தில் பசை வெக்கைக்கு இளகிவிடும். வாரைக் கவசத்தின் உள்ளே கொண்டுபோய், ஒரு தோல் அல்லது றப்பர்த் துண்டை அடித்தளமாக வைத்து, ஊடுருவத் தையுங்கள், அல்லது செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து றிவிட் அடியுங்கள். போம் தாளில் தனியே அடித்த றிவிட் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

முடிக்கு முதலில் தலையைத் தயார் செய்யவேண்டும். மயிரை ஒதுக்கி, மெல்லிய பருத்தித் துணியால் நெற்றியிலிருந்து பிடரிவரை இறுகச் சுற்றுங்கள். முடி நிற்பது அந்தத் துணியில்தான், தலையில் அல்ல. முடியின் உட்பக்கம் நெற்றிக்கும் இரண்டு பக்கத்துக்கும் துணித்திண்டு வைத்து, உச்சியில் இடைவெளி விடுங்கள். உச்சியில் முட்டும் முடி தலைவலியைக் கொடுக்கும், சூட்டையும் பிடித்துவைக்கும். நாடியில் மட்டும் கட்டுவது பெரும் பிழை. பாடுகிற வாய் திறந்து மூடும்; நாடிக்கட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் முடியைக் கீழே இழுக்கும், அல்லது வாயைத் திறக்கவிடாது. பிடிக்கவேண்டியது பிடரி. தலையின் பின்புறம் எலும்பு முடிகிற குழிவில் ஒரு நாடா குறுக்கே போகவேண்டும். காதுக்கு முன்னும் பின்னுமாக வரும் நாடாக்கள் காதுமடலுக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்து, அதன்பிறகே நாடியின் அடியால் தளர்வாக வரலாம். வாயை ‘ஆ’ என்று முழுதாகத் திறக்கச் சொல்லி, அந்த அளவில் முடியுங்கள். பிறகு வட்டமாக மூன்று சுற்று. முடி முகத்துக்குப் பிந்தித் திரும்பினால் பிடரிக்கட்டு தளர்வு.

கையும் காலும்

இங்கே சொல்ல அதிகமில்லை. ஆனால் சொல்பவற்றை மறக்காதீர்கள். கால் கவசத்தின் மேல்நாடா முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பில் இறுகக்கூடாது. பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித்தான் தோலுக்கடியில் வருகிறது. அங்கே நீண்டநேரம் நசுங்கினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும், முன்பாதம் எழும்பாமல் நிலத்தில் இழுபடும். நாடாவைக் கெண்டைக்காலின் தடித்த பகுதியில் கட்டுங்கள். முடிச்சு வெளிப்பக்கமாக, எலும்பிலிருந்து விலகி. கவசத்தின் கீழ்விளிம்பு சதங்கையைத் தொடக்கூடாது. சதங்கையின் ஒலியும் மத்தளத்தின் சொல்லும் ஒன்றுக்கொன்று பதில் சொல்பவை. அதன் வாயை மூடிக் கட்டியவரை அண்ணாவியார் கேட்காமல் விடமாட்டார்.

முன்கைக் கவசம் மணிக்கட்டு வளைவதைத் தடுக்காவிட்டால் போதும்.

முடிச்சும் ஊசியும்

வாவிக்கரையில் வலை முடியத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. அந்தக் கைகள் உடுப்புக் கட்டவும் நல்ல கைகள். ஒரு விடயத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும்: வலையில் முடிச்சு அவிழக்கூடாது, உடுப்பில் எந்த நொடியிலும் அவிழவேண்டும். ஆள் மயங்கினால், கால் சுளுக்கினால், ஒரு இழுப்பில் எல்லாம் கழன்று வரவேண்டும். எனவே ஒவ்வொரு கட்டும் நுனியை இழுத்தால் அவிழும் பூமுடிச்சு. நுனிகளை நாடாவின் உள்ளே செருகிவிட்டால் ஆட்டத்தில் தானாக அவிழாது. உடம்பைச் சுற்றும் கட்டுகளின் முடிச்சையெல்லாம் ஒரே பக்கத்தில், வலப்பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிலும் அவசரத்திலும் தேடவேண்டியிராது.

நைலோன் நாடா வழுக்கும், முடிச்சு தளரும், தோலைச் சுடும். பருத்தி நல்லது. ஆனால் பருத்தி வியர்வையில் நனைந்தால் ஊதும். நடு இரவில் முடிச்சு கல்லாகிவிடும். அதனால்தான் பூமுடிச்சு, அதனால்தான் முதல் முடிச்சை மூச்சு நிரப்பிய அளவில் போடச் சொல்கிறேன். மாலையில் சரியாக இருந்தது பன்னிரண்டு மணிக்கு இறுக்கமாகிவிடும். ஒவ்வொரு தடவை ஆடி வெளியே வரும்போதும் விரலை விட்டுப் பாருங்கள்.

கட்டுக்கம்பி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வளையம் விட்டுப்போன கரப்பை ஒருமுறை கம்பியால் பிணைத்து அனுப்பியதைப் பார்த்தேன். மூன்றாவது சுழற்சியில் அந்த நுனி ஆடியவரின் தொடையைக் கீறியது. அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வெள்ளைக் காற்சட்டையில் இரத்தத்தைக் கண்டுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பூசி போட்டோம். பையில் ஊசிநூலும், நாடாவும், கரப்பு வளையத்தைக் கட்டத் துணிக்கீலங்களும் இருந்தால் கம்பிக்குத் தேவை வராது. சேப்டிப் பின் குத்தித்தான் ஆகவேண்டுமென்றால் பெரியது ஒன்று, நெடுக்காக அல்லாமல் குறுக்காக, உட்சட்டையின் இரட்டைத் துணியில். பூட்டிய பிறகு பின்னின் தலையின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா. கழுத்துக்கும் அக்குளுக்கும் கிட்ட வேண்டாம்.

சூடு

கச்சான் வீசுகிற மாதங்களில் இரவிலும் வெக்கை இறங்காது. துணி, போம், சரிகை என்று மூன்று அடுக்குக்குள் இருக்கும் உடம்பு வியர்த்தும் ஆறாது, ஏனென்றால் வியர்வை காயக் காற்றில்லை. கவசத்தின் உட்புறத்தில் இரண்டு மூன்று இடத்தில் விரல்தடிப்பில் துணித்திண்டு ஒட்டி, சட்டைக்கும் கவசத்துக்கும் நடுவே காற்றோடும் வழி விடுங்கள். உடுப்புக் கட்டுவதற்கு முன்னமே தண்ணீர் கொடுங்கள், வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் கொடுங்கள். தேநீர் மட்டும் போதாது. கஞ்சியோ இளநீரோ, நன்றாக வியர்த்தவருக்கு ஜீவனி கரைத்த தண்ணீரோ. தோல் சுட்டு, பேச்சுத் தடுமாறினால், ஆள் வியர்த்துக்கொண்டிருந்தாலும் அடுத்த வரவைப் பற்றி யோசிக்காதீர்கள். எல்லா நுனிகளையும் இழுங்கள், நனைத்த துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள், வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சிறுநீருக்குப் பயந்துதான் குடிக்காமல் இருக்கிறார்கள். கரப்புக் கட்டினால் விடியும்வரை அவிழ்க்க முடியாது என்ற பயம். அதை நீங்கள் முதலிலேயே தீர்த்துவையுங்கள். கரப்பின் முன்பக்க நாடா இரண்டை மட்டும் அவிழ்த்தால் ஒதுங்க முடியும்படி வளையத்தை முன்னால் பிரித்து, கொழுக்கி வைத்துவிடலாம். பிள்ளைகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். உட்காருவதற்கு முதுகில்லாத உயரமான ஒரு முக்காலி வையுங்கள். கரப்போடு கதிரையில் இருக்க முடியாது.

எல்லாவற்றையும் அடுக்குப் பார்க்கும் நாட்களிலேயே போட்டுப் பாருங்கள். உடுப்பு வாடகைக்கு வருவது கடைசி நாளில் என்றால், அதன் எடைக்கு மணல் நிரப்பிய துணிப்பைகளைக் கச்சிலும் தோளிலும் கட்டி ஆடவையுங்கள். உடம்பு பாரத்தோடு மூச்சு வாங்கப் பழகிவிடும். எங்கே தோல் சிவக்கிறதோ அங்கே திண்டு வையுங்கள்.

விடிந்து மங்களம் பாடியதும் எல்லாரும் களைத்திருப்பார்கள். முடிச்சுகளைக் கத்தியால் அறுக்கத் தோன்றும். அறுக்காதீர்கள். முடி முதலில், பிறகு புஜகீர்த்தி, பதக்கம், கரப்பு, கடைசியில் கச்சு. கச்சை அவிழ்க்கும்போது ஆள் முக்காலியில் இருக்கட்டும். இரவெல்லாம் தாங்கிய கட்டு திடீரென்று தளர்ந்தால் சிலருக்குத் தலை சுற்றும். உட்சட்டையில் ஆளின் பெயரை எழுதிவிட்டுத் துவைக்கப் போடுங்கள். கவசத்தை வெயிலில் காயவிடாமல் நிழலில், உட்புறம் மேலாகக் கவிழ்த்துக் காற்றாட வையுங்கள். நாடா எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறதென்று அப்போதே கொப்பியில் எழுதி, அன்று பின்னேரத்துக்குள் புதிய நாடா தைத்துவிடுங்கள்.